மூடியவர் பெயருக்கே திரும்பும்

லிஃப்டுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் ஒரு ஆள்கூட லிஃப்டில் ஏறுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் கவனித்தது அதைத்தான்.

அலுவலகம் ஏழாவது மாடியில். கீழே வரவேற்பறையில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்கிற அளவுக்குப் பளபளக்கும் எஃகுக் கதவு. பொத்தானை அழுத்தக் கையை நீட்டியவளைக் காவலாளி தடுத்தார்.

“படியில போம்மா.”

“ரிப்பேராண்ணே?”

“நல்லாத்தான் ஓடுது.” அவர் அவளைப் பார்க்காமல் கையெழுத்து நோட்டைத் திருப்பினார். “படியில போ.”

அவள் ஏறினாள். நான்காவது மாடியில் மூச்சு வாங்க நின்றாள். அங்கே லிஃப்ட் கதவை மறைத்தாற்போல ஒரு பெரிய பூந்தொட்டி. செடியின் ஒரு பக்கம் பச்சைப்பசேலென்று இருந்தது. கதவைப் பார்த்த பக்கம் மட்டும் சருகு. கிரீஸும் ஈர இரும்பும் கலந்த ஒரு வாடை அந்தத் தளத்தில் மட்டும் தேங்கி நின்றது.

பின்னாலேயே ஒருவர் இடதுகாலை லேசாக இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். நல்ல சட்டை, நல்ல வயிறு.

“புதுசா சேர்ந்த பொண்ணா? படியேறு, படியேறு. உடம்புக்கு நல்லது” என்றார். சொல்லும்போதே பூந்தொட்டியைச் சுற்றிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனார்.

அவர்தான் மேனேஜர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஜீரோ சார். எந்தக் கணக்கெடுப்பிலும் மிச்சம் என்று எதுவும் இருக்கக்கூடாது அவருக்கு. எல்லாம் பூஜ்ஜியமாகத் தெரிய வேண்டும். உண்மையில் பூஜ்ஜியமா என்பது வேறு விஷயம். அதை யாரும் கேட்பதில்லை. அவளுக்கு அன்றைக்கே 'புதுசு' என்று பெயர் விழுந்துவிட்டது.

புதுசு அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பதினெட்டு வருடமாகத் துணி வண்டியைத் தள்ளுகிறாள். நேர்முகத் தேர்வில் ஜீரோ சார் அவளிடம், “வீட்ல வேற யாரும் படிக்கலையா?” என்று ஏதோ அனாதைப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார். “படிக்க விடலை சார்” என்று வெடுக்கென்று சொன்னாள். அந்த வாய்க்கு எப்படி வேலை கிடைத்தது என்று அவளுக்கே ஆச்சரியம். யாரும் செய்ய முன்வராத ஒரு வேலையை அவள் தலையில் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு மாடல் லிஃப்டுக்கும் உண்டான நிரல் ஒரு தனி ரெப்போவில் இருக்கும். தனித்தனி அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி முப்பத்தெட்டு அலமாரி. எங்கே என்ன கோளாறு கண்டாலும் அந்த அலமாரியில் ஒரு டிக்கெட் போடுவார்கள். என்ன செய்தால் வருகிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்று கட்டம். பதினொரு வருடமாகப் போட்டதில் பதில் இல்லாமல் குவிந்து கிடந்தவை ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

“ரெண்டு மாசத்துல அதிகாரி வராங்க” என்றார் ஜீரோ சார். “புது வெர்ஷனுக்குச் சான்றிதழ் கொடுக்கணும். பாதுகாப்பு டிக்கெட் ஒண்ணு திறந்திருந்தாக்கூட கையெழுத்துப் போட மாட்டாங்க. எண்ணிக்கை ஜீரோ ஆகணும். ஆச்சுன்னா உன் வேலை நிரந்தரம்.”

“ஆகலைன்னா?”

“உங்கம்மா கூட வண்டி தள்ளப் போகலாம்” என்று சிரித்தார். “உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சிட்டிருக்காதே. ஒரு பாட் எழுதி விடு.”

அந்தச் சிரிப்பை அவள் விழுங்கிக்கொண்டாள். பாட் எழுதினாள். டிக்கெட்டுகளை வகை பிரிக்கும், இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும், ஆபத்தின் அளவுக்கு லேபிள் ஒட்டும், உரியவருக்கு அனுப்பும், இரண்டு வருடமாக யாரும் பேசாததை மூடிவிடும் ஒரு தானியங்கி. அதற்குத் 'துடைப்பம்' என்று பெயர் வைத்தாள். ஜீரோ சாருக்குப் பெயர் பிடிக்கவில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பிடித்தது.

முதல் வாரக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே ஒரு பொத்தான். ஒன்பதாயிரத்து இருநூற்று நான்கு டிக்கெட்டுகள் மூடப்பட்டன. துடைப்பத்துக்கென்று தனி லாகின் இன்னும் வரவில்லை. ஆகவே ஒவ்வொன்றிலும் 'மூடியவர்' என்ற இடத்தில் அவள் பெயர் விழுந்தது. அதில் ஒன்றைக்கூட அவள் படிக்கவில்லை. அலுவலகம் கைதட்டியது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அவ்ளோ குப்பையும் ஒரே நாள்ல போயிருச்சா கண்ணு?”

“போயிருச்சும்மா.”

“எங்க கொட்டின?”



*

திங்கட்கிழமை காலை பட்டியலில் ஒன்று திறந்திருந்தது.

எண் 2316. அது அவள் மூடியது அல்ல. ஆறு மாதத்துக்கு முன் ஜீரோ சாரே மூடியது. காரணம்: 'மறுபடி வரவில்லை'. யாரோ ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்திருந்தார்கள். யார் என்று பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம். பக்கத்தில், 'நீக்கப்பட்ட பயனர்'.

படித்தாள்.

செய்தது: ஒன்று, கரண்ட் போய் மூன்று விநாடிக்குள் திரும்பி வர வேண்டும். இரண்டு, அந்த நேரத்தில் நான்காம் மாடியில் யாராவது பொத்தானை அழுத்த வேண்டும்.

எதிர்பார்த்தது: லிஃப்ட் பெட்டி வராமல் கதவு திறக்கக் கூடாது.

நடந்தது: திறக்கிறது. பெட்டி இல்லை.

கீழே பேச்சு நீளமாகப் போயிற்று. பழைய பாட் ஒன்று அறுபது நாளைக்கு ஒருமுறை, 'பதில் வராவிட்டால் மூடப்படும்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஐம்பத்தொன்பதாவது நாள் ஒரு பதில். 'மூடாதீர்கள். இது ஆளைக் கொல்லும்.' அப்படி ஏழு முறை. எட்டாவது முறை பதில் இல்லை.

நேற்று வந்திருந்த பதிலில் சொல் எதுவும் இல்லை. பதினொரு விநாடி வீடியோ ஒன்று இணைத்திருந்தது. நான்காம் மாடிக் கதவு. பூந்தொட்டி இல்லாத கதவு. படம் பிடிப்பவரின் மூச்சு கேட்கிறது. அவ்வளவுதான்.

வீடியோ முடிந்ததும், அறைக்கு வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் மணி அடித்தது.

டிங்.

ஏழாவது மாடியில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு பேரும் தட்டச்சுவதை நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை. யாரும் எழுந்து பார்க்கவும் இல்லை. பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள், வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளைகள்போல.

தேநீர் இயந்திரத்தின் அருகில் பக்கத்து இருக்கைக்காரரைப் பிடித்தாள். தடித்த மூக்குக் கண்ணாடி, பயந்த சுபாவம். அவரை எல்லோரும் கண்ணாடி அண்ணா என்பார்கள்.

“2316 யாரு போட்டது அண்ணா?”

அவர் கையிலிருந்த தேநீர் தளும்பியது. “அதை ஏம்மா தோண்டுற?”

“நான் தோண்டலை. அதுவா வந்திருக்கு.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க டெஸ்டிங்ல ஒரு அக்கா இருந்தாங்க. ரீஓப்பன் அக்கான்னு கூப்பிடுவோம். யாரு எதை மூடினாலும் சரியாகலைன்னா திரும்பத் திறப்பாங்க. பிடிச்ச பிடி விட மாட்டாங்க. அந்த ஒரு டிக்கெட்டுக்காக சார்கூட ஒரு வருஷம் சண்டை. கடைசியில சார் அவங்க லாகினையே எடுத்துட்டார். பதில் போட முடியலை. பாட் மூடறதுக்குள்ள அவரே மூடிட்டார்.”

“சோதிச்சுப் பார்த்தாரா?”

“யாரு? அவரா?” கண்ணாடி அண்ணா கசப்பாகச் சிரித்தார். “உக்காந்த இடத்துல இருந்தே 'மறுபடி வரவில்லை'ன்னு எழுதினார். அக்கா வீடியோ எடுத்து நிரூபிக்கிறேன்னு நாலாவது மாடிக்குப் போனாங்க. என்னைத் துணைக்குக் கூப்பிட்டாங்க. எனக்கு வேலை இருக்கு, நாளைக்கு வரேன்னேன்.”



“கீழே விழுந்துட்டாங்களா?”

“போனைப் பார்த்துட்டே நடந்தாங்களாம். கவனக்குறைவாம். அப்படித்தான் எழுதினாங்க.” அவர் தேநீரைக் குடிக்காமலே கொட்டினார். “அந்தப் போன் கிடைக்கவே இல்லம்மா.”

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம்.  ஒருத்தி வாய் கிழியக் கத்தியிருக்கிறாள். அவள் வாயில் துணியை அடைத்துவிட்டு, கடைசியில் அவள்மேலேயே பழி.

அன்று மாலை அம்மா ஆஸ்பத்திரியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க வார்டுல புதுச் சட்டம் கண்ணு. எது சிந்தினாலும் சிந்தினவங்களே தொடைக்கணும்னு பெரிய நர்ஸ் சொல்லிட்டாங்க. டாக்டரா இருந்தாலும் சரி. ஒரு வாரமா ஒருத்தரும் ஒண்ணும் சிந்தலை!” என்று சிரித்தாள். பிறகு, “புது லிஃப்ட் போடறாங்களாம். எட்டு லிஃப்ட். உங்க கம்பெனிதானாம். என் பொண்ணு எழுதினதுன்னு சொல்லிட்டேன் எல்லார்கிட்டயும்.”

 ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் மூன்று விநாடிக்குள் கரண்ட் கொடுத்துவிடும். அம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை கதவு திறந்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே நுழைவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினெட்டு வருடப் பழக்கம்.

*

மறுநாள் அவள் துடைப்பத்துக்கு ஒரு விதி எழுதினாள். மூடிய டிக்கெட் மறுபடி திறந்தால், கடைசியாக மூடியவர் பெயருக்கே அது திரும்பும். அவர் நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். லிஃப்ட் பலகையில் தன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதன்பிறகே மூட முடியும். வேறு யார் பெயருக்கும் தள்ளிவிட முடியாது.

எந்த மாற்றத்துக்கும் ஜீரோ சாரின் அனுமதி வேண்டும். அனுப்பினாள். பதினொரு விநாடியில் வந்துவிட்டது: 'நன்று. அனுமதிக்கிறேன்.' எதையுமே படிக்காமல் அனுமதிப்பது அவருடைய புகழ்பெற்ற வேகம். விருதெல்லாம் வாங்கியிருக்கிறார் அதற்கு.

2316 அவர் பெயருக்குப் போயிற்று.

முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் மூடப் பார்த்தார், மூடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர் படியேறும்போது நான்காவது மாடியில் மணி அடித்தது. அவருக்கு மட்டும். பின்னால் ஏறியவர்கள் பூந்தொட்டிக்கு அப்பால் கதவு இம்மியளவு நடுங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பார்க்கவில்லை என்று பிறகு மாற்றியும் சொன்னார்கள்.

வாரம் ஒரு பதில் வந்தது. சாம்பல் வட்டத்திலிருந்து. எப்போதும் அதே வீடியோ.

அதே வீடியோ இல்லை.

ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி நீண்டுகொண்டு போனது.

பதின்மூன்று விநாடியில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பதினைந்தில் கதவு திறக்க ஆரம்பித்தது. பதினேழில் முழுக்கத் திறந்தது. உள்ளே பெட்டி இல்லை, கம்பிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பத்தொன்பதில் ஒரு பெண்ணின் குரல், வெற்றி பெற்ற சந்தோஷத்தில், “பார்த்தீங்களா?” என்றது.

இருபத்தொன்றில் பின்னால் தரையில் ஒரு செருப்புச் சத்தம்.

 அக்கா அங்கே தனியாக இல்லை.

அவள் அந்த இரண்டு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். லேசாக இழுத்து வைக்கும் இடதுகால். மூச்சிரைப்பு. தினமும் காலையில் படியில் பின்னாலிருந்து கேட்கிற அதே சத்தம்.

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்பு ஜீரோ சார் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

“அந்த விதியைத் தூக்கு.”

“நீங்கதானே சார் அனுமதிச்சீங்க.”

“தூக்குன்னா தூக்கு!”

தூக்கினாள். அவர் எதிரிலேயே நீக்கினாள், அவரே அனுமதித்தார். மறுநாள் காலை விதி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை. மாற்றங்களின் வரலாற்றைப் புரட்டினாள்.

எழுதியவர்: நீக்கப்பட்ட பயனர்.

அனுமதித்தவர்: ஜீரோ சார்.

எடுத்துக்கொண்ட நேரம்: பதினொரு விநாடி.

“நான் இதை அனுமதிக்கலை” என்றார் அவர், உதடு காய்ந்துபோய். “நான் அப்ப தூங்கிட்டிருந்தேன்.”

“எப்பவுமே அப்படித்தானே சார் அனுமதிப்பீங்க” என்றாள் அவள்.

*

அதிகாரி மதியம் பன்னிரண்டுக்கு வருவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குப் பட்டியலில் எண்ணிக்கை ஒன்று.

ஜன்னல் வழியே வெயில் மேசை மேசையாக விழுந்திருந்தது. பட்டப்பகல். அப்படியிருந்தும் கிரீஸ் வாடை ஏழாவது மாடி வரை ஏறி வந்திருந்தது.

ஜீரோ சார் அவள் மேசைமேல் ஒரு தாளை வைத்தார். வேலை நிரந்தரக் கடிதம். கையெழுத்துப் போட்டிருந்தது.

“அதிகாரிக்குத் தனியா ஒரு அறிக்கை கொடுத்துடலாம். 'நான் நேரில் சோதித்தேன், கோளாறு வரவில்லை'ன்னு உன் பேர்ல எழுது. பாட்டை எழுதினவளே சொன்னா நம்புவாங்க. எழுதிட்டு இந்தக் கடிதத்தை எடுத்துக்கோ.”

“நான் சோதிக்கலையே.”

“யாரும்மா சோதிக்கிறாங்க?” அவர் கெஞ்சலும் மிரட்டலுமாகக் குனிந்தார். “வீட்ல நீ ஒருத்திதான் படிச்சவ. அம்மாவை நினைச்சுப் பாரு.”

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அம்மா.

“கண்ணு, இன்னிக்குச் சாயந்திரமே புது லிஃப்டை ஓட விடறாங்களாம். உங்க ஆபீஸ்ல இருந்து ஏதோ தாள் வரணுமாம், வந்ததும் ஓட்டலாமாம். முதல் ஆளா நான்தான் ஏறப்போறேன்!”

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கடிதத்தை எடுத்தாள்.  எடுத்த கை எத்தனை வருடம் இந்த மாதிரி ஒரு தாளுக்காகக் காத்திருந்தது என்று அதற்கு மட்டும்தான் தெரியும்.

“அம்மாவை நினைச்சுத்தான் சார் சொல்றேன்” என்றாள். “எழுத மாட்டேன்.”

கடிதத்தை அவர் பக்கமே தள்ளினாள்.  கண்ணாடி அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜீரோ சாரின் முகம் சிவந்தது. “பயந்தாங்கொள்ளிக் கூட்டம்! இந்தக் கட்டடத்துல கடைசியா கரண்ட் போய் எட்டு மாசமாச்சு. கரண்ட் போகாம அந்தக் கோளாறு எப்படி வரும்? ஒரு அட்டையைக் காட்டணும், அவ்ளோதானே? ரெண்டு நிமிஷத்துல நானே போய்க் காட்டிட்டு வரேன். வரும்போது நீ உன் பெட்டியைக் கட்டியிருக்கணும்.”

இழுக்கும் இடதுகாலின் சத்தம் படியில் இறங்கிப் போயிற்று.

பதினொன்று நாற்பது.

திரையில் 2316-க்குக் கீழே புதிய பதில் வந்தது. சாம்பல் வட்டம். வீடியோ. ஓரத்தில் நேரம் போட்டிருந்தது. பதினொன்று நாற்பத்து மூன்று.

இன்னும் வராத நேரம்.

அவள் அதை ஓட்டினாள்.

இந்தத் தடவை கதவுக்கு எதிரே இருந்து எடுத்தது அல்ல. கீழேயிருந்து எடுத்தது. ஆழமான இருட்டுக்குள் மல்லாந்து கிடப்பவரின் கண்ணிலிருந்து பார்ப்பதுபோல, வெகு உயரத்தில் ஒரு சின்ன வெளிச்சச் சதுரம். அதன் விளிம்பில் இரண்டு செருப்புகள். நல்ல சட்டை. கையில் அடையாள அட்டை.

அந்த உருவத்துக்குப் பின்னால் இன்னொரு உருவம் நின்றது. புடவைத் தலைப்பைப் போல ஏதோ காற்றில் ஆடியது. அது எதையும் தள்ளவில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அவள் போனை எடுத்தாள். அவர் எண் திரையில் இருந்தது. அழுத்த வேண்டியதுதான்.

விரல் நின்றது.

ஒரு கணம். இரண்டு கணம். அக்கா ஏழு முறை எழுதிய பதில் அவள் கண்ணுக்குள் ஓடியது. அந்த இரண்டு கணத்தைப் பற்றி அவள் பின்னால் யாரிடமும் சொன்னதில்லை.

அழுத்தினாள்.

விளக்குகள் அணைந்தன.

ஒன்று. இரண்டு.

எரிந்தன.

டிங்.

கத்தல் எதுவும் கேட்கவில்லை. காதில் வைத்திருந்த போனில் மணி போய்க்கொண்டிருந்தது. அதே மணி, ஏழாவது மாடி லிஃப்ட் கதவின் இடுக்கு வழியாக, வெகு கீழேயிருந்து கேட்டது. நீண்ட நேரம் கேட்டது.

பிறகு யாரோ அதை எடுத்தார்கள்.

மூச்சு. சற்று நேரம் வெறும் மூச்சு. பிறகு, ஒரு பெண் குரல், வெற்றி பெற்ற சந்தோஷத்தில், “பார்த்தீங்களா?”

திரையில் 2316-இன் கடைசிக் கட்டம் தானாக நிரம்பியது.

சோதித்தவர்: ஜீரோ சார். அட்டை காட்டிய நேரம்: 11.43. நடந்தது: மறுபடி வந்தது.

*

அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. ஆஸ்பத்திரியின் எட்டு லிஃப்டுகளும் பூட்டப்பட்டன. அம்மா இரண்டு வாரம் சாய்தளத்தில் வண்டி தள்ளி, கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கண்ணாடி அண்ணா உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். இரண்டே இரண்டு வரி. எட்டு மாதமும் இரண்டு உயிரும் அந்த இரண்டு வரிக்கு. எழுதி முடித்ததும் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

குழியில் இறங்கியவர்கள் ஜீரோ சாரின் உடலை எடுத்து வந்தார்கள். அவர் கையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்றில் சார்ஜ் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

நூறு முறை கரண்டை அணைத்துப் போட்டுச் சோதித்தார்கள். நூறு முறையும் கதவு அசையவில்லை. புதுசு தன் கையால் 2316-ஐ மூடினாள். 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோது, 'நன்றி அக்கா' என்றும் சேர்த்தாள். அவள் வேலையும் நிரந்தரமாயிற்று. பூந்தொட்டியை எடுத்துவிட்டார்கள். பீடை கழிந்தது என்று அவளும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, பட்டியலைத் திறந்தாள்.

எண்ணிக்கை: ஒன்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு. ஐந்து. நாற்பது. முந்நூறு. எண் அசுர வேகத்தில் ஏறி ஓரிடத்தில் நின்றது.

ஒன்பதாயிரத்து இருநூற்று நான்கு.

திறந்தவர் எல்லாவற்றிலும் ஒருவரே. சாம்பல் வட்டம். விதி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும், ஒன்றுவிடாமல், கடைசியாக மூடியவரின் பெயர்.

அவள் பெயர்.

கூடவே ஒரே ஒரு வரி. 'அறுபது நாள்.'

அவள் முதல் டிக்கெட்டைத் திறந்து படித்தாள். பதினொரு வருடத்துக்கு முன் யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் எழுத்துப் பிழையோடு போட்டது. பெட்டிக்குள் இருக்கும் ஆபத்து மணி சில சமயம் வெளியே கேட்பதில்லையாம். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு ஆள் நின்று கத்தியிருந்தார். மதியம் போயிற்று. பதினேழு முடிந்திருந்தது.

மாலை ஐந்தரைக்கு அம்மா கூப்பிட்டாள். “கிளம்பிட்டியா கண்ணு?”

“இதோ கிளம்பிட்டேம்மா.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டிங்.

ஏழாவது மாடி லிஃப்ட் கதவு மெதுவாகத் திறந்தது. கரண்ட் போகவில்லை. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. இரண்டு வரி திருத்தியாயிற்று, நூறு முறை சோதித்தாயிற்று. ஈர இரும்பு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே பெட்டி இல்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். பதினெட்டாவது டிக்கெட்டைத் திறந்தாள்.

கதவு மூடிக்கொண்டது.